விரிசலின் வேகம் கண்ட பேராசிரியர்

1954இல் மூன்று மாத இடைவெளியில் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் மத்தியதரைக் கடலுக்கு மேலே நடுவானில் சிதறின. ஜனவரியில் 35 பேர், ஏப்ரலில் 21 பேர்; ஒருவரும் பிழைக்கவில்லை. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இன்னொரு காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தபோது காரணம் தெரிந்தது: உலோகச் சோர்வு. இழுத்து அறுக்க முடியாத கம்பியையும் மாறி மாறி வளைத்தால் ஒடித்துவிடலாம். ஒவ்வொரு பறத்தலிலும் உப்பி அடங்கிய அலுமினியத் தகட்டுக்கு நேர்ந்தது அதுதான்.

அடுத்த ஆண்டே போயிங் நிறுவனத்தில் பணியாற்ற வந்தார் பால் பாரிஸ். பின்னாளில் லீஹை பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். சுமை ஏறி இறங்கும் எத்தனை சுற்றில் பாகம் உடையும் என்றே பெரும்பாலான பொறியாளர்கள் கணக்கிட்ட காலம் அது. பாரிஸ் வேறு திசையில் யோசித்தார். விரிசல் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு அது எவ்வளவு நீளும்?

விரிசல் நுனியில் தகைவு எவ்வளவு செறிகிறது என்பதை ஒரே எண்ணில் சொல்லும் வழியை அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் ஜார்ஜ் இர்வின் 1957இல் தந்திருந்தார். சுமையும் விரிசலின் நீளமும் அந்த எண்ணுக்குள் அடங்கும். சுமை ஏறி இறங்கும்போது அந்த எண் மாறும் அளவே விரிசலின் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்றார் பாரிஸ். அதுவும் அடுக்கு விதிப்படி: அடுக்கு 4 என்றால், மாற்றம் இரட்டிக்கும்போது வேகம் 16 மடங்காகும். நெடுநாள் பதுங்கியிருக்கும் சிறு விரிசல் கடைசியில் பாய்ந்து ஓடுவதன் கணக்கு இதுதான்.

முன்னணி ஆய்விதழ்கள் மூன்று இதை ஏற்கவில்லை. விரிசல் நுனியில் உலோகம் மீளாத உருமாற்றம் அடைகிறதே, மீள்தன்மைக் கோட்பாட்டில் பிறந்த எண் அங்கே எப்படிச் செல்லும் என்பது ஆட்சேபம். நியாயமான கேள்விதான், ஆனால் சோதனைத் தரவுகள் பாரிஸ் பக்கம் நின்றன. 1961இல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சஞ்சிகையில் கட்டுரை வெளிவந்தது. 1963இல் சக ஆய்வாளர் ஃபாஸில் எர்டோகானுடன் எழுதியது இன்னும் கூர்மையானது. அன்று புழங்கிய விதிகள் ஒவ்வொன்றும் தத்தம் குறுகிய தரவுக்கு மட்டும் பொருந்துவதை இருவரும் எடுத்துக்காட்டினர்.

1969இல் அமெரிக்காவின் எஃப்-111 போர் விமானம் ஒன்றின் இறக்கை, தயாரிப்பிலேயே தங்கிவிட்ட குறையால் முறிந்தது. அதன்பின் ராணுவ விதிகளும், 1978இல் பயணிகள் விமான விதிகளும் மாறின. பாரிஸ் யோசித்ததைப் போலவே, விரிசல் இருக்கக்கூடும் என்று கொண்டே, அது ஆபத்தான நீளத்தை எட்டுமுன் கண்டுபிடிக்கும்படி பரிசோதனைகளை வகுக்க வேண்டும் என்றாயிற்று.

பொறியியல் மாணவர்களே, பாரிஸ் விதி எனப்படும் அந்த அடுக்கு விதியைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்வதோடு நிறுத்தாதீர்கள். அந்த 1963 கட்டுரையைத் தேடிப் படியுங்கள். அடுத்தவர் தரவை எவ்வளவு நேர்மையாக வாசிக்கலாம் என்பது அதில் இருக்கிறது.