மீன்தொட்டி நீர் தெளிவாக இருக்க

மலேசியாவில் அலங்கார மீன் வளர்ப்பில் முன்னணியில் நிற்பது ஜொகூர் மாநிலம். அங்கே, பத்து பகாட் மாவட்டத்தைச் சேர்ந்த யோங் பெங் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வாழும் நாமும் வீட்டில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்துப் பிள்ளைகளை மகிழ்விக்கலாம். ஆனால், சில நாட்களிலேயே நீர் கலங்கி மீன்கள் மடிந்தால் அம்மகிழ்ச்சி நிலைப்பதில்லை. இதற்குக் காரணம் யாது?

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ரப்பர் பால் உறையாதிருக்கச் சேர்க்கப்படும் அதே அம்மோனியாதான் இது. இதற்கு நிறமில்லை; ஆகவே, பளிங்குபோல் தெளிந்த நீரிலும் மீன் மடியக்கூடும். கூழாங்கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும் குடியேறும் நுண்ணுயிர்கள் இந்நஞ்சை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ரஷ்ய அறிஞர் செர்கெய் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டு வாக்கில் இவ்வகை உயிர்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார். புதிய தொட்டியில் இவை பெருக ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை ஓரிரு மீன்களே போதும்.

தொட்டி முழுவதையும் சவர்க்காரமிட்டுக் கழுவினால் இந்நுண்ணுயிர்கள் அழியும். சவர்க்காரமும் மீனுக்கு நஞ்சாகும். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மட்டும் மாற்றுவோம். 2 அடி நீளமும், 1 அடி அகலமும், 1 அடி உயரமும் உள்ள தொட்டிக்கு அது சுமார் 14 லிட்டர். வெளியே எடுத்த பழைய நீரிலேயே பஞ்சை அலசுவோம்.

குழாய் நீரிலுள்ள குளோரின் மீனின் செவுள்களைப் புண்படுத்தும். அந்நீரைத் திறந்த வாளியில் 24 மணி நேரம் வைத்தால் குளோரின் பெரும்பாலும் அகன்றுவிடும். குளோரமின் கலந்த நீருக்கோ இம்முறை பயன்படாது. மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கி மருந்தையே இடவேண்டும். பால் உறையவைக்கும் அமிலமோ களைக்கொல்லியோ இருந்த கலன்களை எக்காரணங்கொண்டும் இதற்குப் பயன்படுத்தலாகாது.

நீரின் நிறமும் நமக்குச் செய்தி கூறும். வெண்மையாகக் கலங்கினால், பெரும்பாலும் இரை மிகுதி அல்லது தொட்டி புதிது என்பது பொருள். பச்சையானால், வெயில் மிகுதியால் பாசி பெருகிவிட்டது. தொட்டியைச் சன்னலோரத்திலிருந்து நகர்த்துவோம். 2 அல்லது 3 நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே இரை இடுவோம். நீரைத் தெளிவிக்கப் படிகாரம் இடுவது மீனுக்குக் கேடு விளைவிக்கும்.

மலிவு விலையில் வாங்கிய கப்பி மீனாயினும் அதுவும் ஓர் உயிரே. அதனைக் காக்கும் முறையை நம் பிள்ளைகளுக்கும் கற்பிப்போம்.