வண்டலூர் சிங்க உலாவிடம்

வண்டலூர் சிங்க உலாவிடம் என்பது சென்னையை அடுத்த வண்டலூரில், அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவினுள் அமைந்துள்ள திறந்தவெளிச் சிங்கக் காப்பிடம் ஆகும். மக்கள் வழக்கில் இது 'லயன் சஃபாரி' எனப்படுகிறது. இங்குச் சிங்கங்கள் புதர்களுக்கும் மரங்களுக்கும் இடையே திரிகின்றன. பார்வையாளர்களே கம்பி வலையிட்ட வாகனத்துக்குள் அடைபட்டு அவற்றைக் காண்கின்றனர்.

வரலாறு

சென்னையின் விலங்குக் காட்சிச்சாலை 1855-இல் எட்வர்ட் பால்ஃபர் என்பவரால் அரசு அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கப்பட்டது. பின்னர் சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்த மக்கள் பூங்காவுக்கு மாற்றப்பட்டது. அங்கு விலங்குகள் சிறு கூண்டுகளில் வாழ்ந்தன. இடநெருக்கடியும் நகர இரைச்சலும் மிகவே, வண்டலூர்க் காப்புக்காட்டில் புதிய பூங்கா அமைக்கப்பட்டது. 1985 சூலை 24 அன்று அன்றைய முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் அதைத் திறந்து வைத்தார். அதன் பரப்பு சுமார் 602 எக்டேர்.

சிங்கங்களிடையே வாகனத்தில் செல்லும் முறை 1960-களில் பரவியது. தோக்கியோவின் தாமா விலங்கியல் பூங்காவில் 1964-இலும், இங்கிலாந்தின் லாங்லீட்டில் 1966-இலும் இது தொடங்கியது. லாங்லீட்டில் மக்கள் தம் சொந்தக் கார்களிலேயே செல்லலாம். வண்டலூரில் பூங்கா வாகனத்துக்கு மட்டுமே அனுமதி.

இயங்கும் முறை

இத்தகைய உலாவிடங்களின் நுழைவில் இரட்டைக் கதவுகள் இருக்கும். ஒன்று மூடிய பின்னரே மற்றொன்று திறக்கும். இதனால் வாகனம் நுழையும்போது விலங்கு வெளியேற வழியில்லை. சிங்கங்கள் இங்கு வேட்டையாடுவதில்லை. மாலையில் கொட்டிலில் வைக்கப்படும் இறைச்சிக்காக அவை தாமே திரும்புகின்றன. 2025 அக்டோபரில் ஓர் இளம் சிங்கம் அவ்வாறு திரும்பவில்லை. டிரோன் கொண்டும் தேடப்பட்ட அது, சில நாள்களுக்குப் பின் தானே கொட்டிலுக்கு வந்து சேர்ந்தது.

2021 நோய்த்தொற்று

கொரோனா இரண்டாம் அலையின்போது பூங்கா பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தது. ஆயினும் 2021 மே இறுதியில் உலாவிடப் பகுதியிலிருந்த சிங்கங்களுக்குப் பசியின்மையும் இருமலும் கண்டன. போபால் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்ட 11 சிங்கங்களின் மாதிரிகளில் 9-இல் தொற்று உறுதியானது. சூன் 3 அன்று நீலா என்னும் 9 வயதுப் பெண் சிங்கமும், சூன் 16 அன்று 12 வயது ஆண் சிங்கம் ஒன்றும் இறந்தன. நான்கு சிங்கங்களின் மாதிரிகளில் இருந்தது டெல்டா வகை எனப் பின்னர் அறியப்பட்டது. வேலியும் அகழியும் விலங்கைத் தடுக்கும், நோயைத் தடுப்பதில்லை. உணவிடுவோரின் முகக்கவசமும் கைகால் தூய்மையும் இரட்டைக் கதவுக்கு இணையான காப்பு என்பதை இந்நிகழ்வு காட்டியது.

கிண்டியுடன் ஒப்பீடு

சென்னை நகருக்குள்ளேயே கிண்டி தேசியப் பூங்காவில் வெளிமான்களும் புள்ளிமான்களும் திரிகின்றன. அவை காட்டிலேயே மேய்ந்து, ஈன்று, பெருகுபவை. வண்டலூர்ச் சிங்கங்களின் நிலை வேறு. இந்தியாவில் இன்று குசராத்தின் கிர் காட்டிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் மட்டுமே சிங்கம் இயற்கையாக வாழ்கிறது. உலாவிடம் சிங்கத்துக்குக் கூண்டைவிடப் பெரிய வெளியைத் தருகிறது. ஆனால் அதன் உணவு, உடல்நலம், இனப்பெருக்கம் யாவும் மனிதர் பொறுப்பிலேயே உள்ளன.