ஒரே அச்சு

துவக்கின் குறி தப்பினால் பழி பெரும்பாலும் சுடுபவனின் கைமீதே விழும். கை அசையாமலும் கண் தவறாமலும் இருக்கையிலுங்கூடக் குண்டுகள் சிதறிப் பாய்வதுண்டு. அதற்குரிய காரணங்களுள் ஒன்று துவக்கின் உள்ளமைப்பில் மறைந்து கிடக்கிறது.

றைபிளின் குழல் திருகப்படும் உருக்குக் கூட்டை றிசீவர் என்பர். அதனுள்ளே முன்னும் பின்னும் நகரும் தண்டு போல்ற் எனப்படும். தோட்டாவை உள்ளே தள்ளிக் கைப்பிடியைத் திருப்பியதும், போல்ற்றின் முனையிலுள்ள இரு புடைப்புகள் றிசீவரினுள் அமைந்த இருக்கைகளிற் பூட்டிக்கொள்ளும். வெடிப்பின் விசையைத் தாங்குவன இவையே.

குழல், போல்ற், றிசீவர் ஆகிய மூன்றும் ஒரே அச்சில் அமைதல் வேண்டும். ஆயினும், கடைந்தெடுத்த கூட்டை வெப்பமூட்டி வன்மையாக்கும்போது உருக்குச் சிறிது கோணிக்கொள்வதுண்டு. அப்பொழுது முகப்புச் சரியும். ஒரு புடைப்பு அழுந்தி நிற்க, மற்றது இருக்கையைத் தொடாது. விசை ஒரு புறமாகவே தாக்கும்.

இக்குறையைக் கடைசல் இயந்திரத்தில் தீர்க்கலாம். போல்ற் ஓடும் துளையினுள் நேரான உருக்குத் தண்டொன்று இறுக்கமாகச் செருகப்படும். றிசீவரைச் சுற்றிலும் திருகாணிகளாற் பிடித்து மெல்லச் சுழற்றுவர். தண்டின்மீது வைத்த அளவுமானியின் முள் ஆடினால் அச்சு விலகியுள்ளது என்பது பொருள். திருகாணிகளைத் தளர்த்தியும் இறுக்கியும், தண்டின் இரு முனைகளிலும் முள் அசையாது நிற்கும்வரை சரிசெய்வர். அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கும் இங்கே பெரும் பிழையே. அதன் பின்னரே உளி தொடும். முகப்பு, இருக்கைகள், புரி ஆகியவை ஒரே பிடியிற் கடையப்படும். இடையிற் கழற்றினால் அச்சு மீண்டும் விலகிவிடும்.

எங்கே நிறுத்துவது என்பதே கடினமான கேள்வி. இருக்கையில் வெட்டிய அளவுக்குப் போல்ற் பின்வாங்கும். தோட்டாவுக்குரிய இடைவெளி கூடும். அது மிகுந்தால் பித்தளைக் கோது பிளந்து, வெப்பவாயு சுடுபவன் முகத்தை நோக்கிப் பாயக்கூடும். ஆதலால் குழலையும் அதற்கேற்பக் கடைந்து, தோட்டா வடிவிலான அளவுக் கட்டையினாற் சோதித்தே பொருத்துவர்.

1898 இல் ஜேர்மன் படை ஏற்றுக்கொண்ட மவுசர் றைபிளின் பழைய றிசீவர்களில் மேற்படை மட்டுமே வன்மையானது, உட்பகுதி மென்மையானது. உளி அம்மேற்படையைக் கடந்துவிட்டால், புடைப்புகள் உள்ளே அழுந்தத் தொடங்கி, சுடச்சுட இடைவெளி வளரும். வெட்டிய உருக்கை மீண்டும் ஒட்டவைக்க இயலாது. ஆகவே, தேர்ந்த கம்மியர் இத்தகைய கூட்டில் முழுச் செம்மையை நாடாது, சிறு குறையை விட்டுவைத்தே உளியை எடுத்துவிடுவார்.