மஜ்ஜை அறிக்கையில் ஒரு சதவிகிதம்

மல்டிபிள் மயலோமா என்ற புற்றுநோய்க்குச் சில மாதங்கள் மருந்து சாப்பிட்டும் ஊசி போட்டுக்கொண்டும் வந்த ஒருவருக்கு எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையின் அறிக்கை வந்து சேர்ந்ததும், அவரும் அவர் வீட்டாரும் அதிலுள்ள மற்ற வரிகளையெல்லாம் தாண்டிச் சென்று, பிளாஸ்மா செல்கள் இத்தனை சதவிகிதம் என்று எழுதியிருக்கும் ஓரிடத்தில்தான் கண்ணை நிறுத்துகிறார்கள். முன்பு 40 ஆக இருந்தது 6 ஆகியிருந்தால் வீடு முழுவதும் சந்தோஷம்; அடுத்த முறை அந்த 6 என்பது 9 ஆகிவிட்டாலோ, அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்குவதில்லை. அந்தச் சந்தோஷத்துக்குப் பெருமளவு நியாயம் உண்டு. அந்தத் துக்கத்துக்கு அவ்வளவு இல்லை.

பிளாஸ்மா செல்கள் நமக்கு விரோதிகள் அல்ல. கிருமிகளை எதிர்க்கும் புரதங்களைச் சுரப்பதற்காக ஒவ்வொருவர் மஜ்ஜையிலும் அவை சொற்ப அளவில், சாதாரணமாக 5 சதவிகிதத்துக்குள், இருந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று கட்டுமீறிப் பெருகி, அதன் சந்ததி முழுவதும் பயனற்ற ஒரே புரதத்தை ரத்தத்தில் கொட்டத் தொடங்கும்போது, எலும்பு அரிக்கப்பட்டு, சோகை பிடித்து, சிறுநீரகம் கெட்டு, வியாதி வெளிப்படுகிறது. அத்தகைய சேதத்தோடு 10 சதவிகிதம் இருந்தாலே மயலோமா என்று நிர்ணயிப்பதும், 60 சதவிகிதத்தை எட்டிவிட்டால் சேதம் எதுவும் தென்படாவிட்டாலும் சிகிச்சையைத் தொடங்குவதும் இன்றைய முறை.

இனி, அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்ப்போம். 1927-ல் லெனின்கிராடில் அரின்கின் என்ற ருஷ்ய வைத்தியர் மார்பெலும்பில் ஊசி செலுத்தி மஜ்ஜையை உறிஞ்சி எடுத்தார். இன்று இடுப்பெலும்பின் பின்புற மேடுதான் அதற்கு உகந்த ஸ்தானம். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தோலையும் எலும்பின் மேலுறையையும் மரத்துப்போகச் செய்து, சிரிஞ்சினால் சிறிதளவு திரவத்தையும், கனமான ஊசியால் மெல்லிய எலும்புத் துண்டு ஒன்றையும் எடுக்கிறார்கள். உறிஞ்சும் அந்த ஒரு கணத்து வலியை மட்டும் மரப்பூசி முற்றிலும் தடுப்பதில்லை. இதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நாகரிகம். திரவத்தைக் கண்ணாடிச் சில்லில் தீற்றிச் சாயமேற்றி, ஓரமாக ஒதுங்கிய உட்கருவும் நீலம் பாய்ந்த உடலும் கொண்ட செல்கள் நூற்றுக்கு எத்தனை என்று நுண்நோக்கியின் கீழ் எண்ணுகிறார் நிபுணர். சிரிஞ்சில் முதலில் ஏறுவது மஜ்ஜை. மேலும் மேலும் இழுக்க வருவது பெரும்பாலும் ரத்தம். ஆகவே முதல் இழுப்பில் 9 காட்டிய அதே எலும்பு மூன்றாவது இழுப்பில் 4 காட்டக்கூடும்.

போதாக்குறைக்கு, மயலோமா மஜ்ஜை முழுவதும் சமமாகப் பரவுவதில்லை. ஓரிடத்தில் அடர்ந்தும் இரண்டு அங்குலம் தள்ளி அருகியும் இருக்கும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கும் வழக்கம் இங்கே செல்லாது. திரவத்தில் ஒரு கணக்கும் எலும்புத் துண்டில் வேறொரு கணக்கும் வந்தால் அதிகமானதையே ஏற்க வேண்டும் என்று மயலோமா நிபுணர்களின் சர்வதேசக் குழு விதித்திருப்பதற்கு இதுவே காரணம். அந்தக் குழுவின் 2016-ம் ஆண்டு விதிகளின்படி, மஜ்ஜைக் கணக்கு ஒன்றையே கொண்டு நோய் முற்றியதாகத் தீர்மானிப்பது, ரத்தத்திலும் சிறுநீரிலும் அளக்கத்தக்க புரதம் இல்லாதவர்களுக்கு மாத்திரந்தான். அவர்களுக்கும், இருந்த எண்ணைக் காட்டிலும் 10 சதவிகிதப் புள்ளிகளாவது கூடியிருக்க வேண்டும். 6 என்பது 9 ஆனது அந்த வரம்பின் அருகில்கூட வரவில்லை.

எண்ணைவிட முக்கியமானது, எண்ணப்பட்டவை எவை என்பது. எதிர்ப்புப் புரதத்தின் சிறிய சங்கிலி காப்பா, லாம்டா என இரு வகைப்படும். ஆரோக்கியமான மஜ்ஜையில் காப்பா செல்கள் லாம்டா செல்களைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. அறிக்கையிலுள்ள 4 சதவிகிதமும் இந்த விகிதத்தில் கலந்திருந்தால் அவை பெரும்பாலும் சாதாரணச் செல்களே. அத்தனையும் அநேகமாக ஒரே வகையாக இருந்தால், ஐந்துக்குக் குறைவு என்ற ஆறுதல் போலியானது. துரதிர்ஷ்டவசமாக, இந்த வரி பெரும்பாலும் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் ஒளிந்துகொண்டிருக்கிறது.

ரத்தப் பரிசோதனைக்கும் மஜ்ஜைக்கும் பொருத்தம் இல்லையே என்று சிலர் கலங்குவதுண்டு. ஐ.ஜி.ஜி. என்னும் வகை எதிர்ப்புப் புரதம் பாதியாகக் குறைய ஏறத்தாழ மூன்று வாரம் ஆகிறது. அதைச் சுரந்த செல்கள் அழிந்த பின்னும் அது ரத்தத்தில் சில காலம் சுற்றிக்கொண்டிருக்கும். இதிலும் ஒரு வேடிக்கை: டாராடுமுமாப் என்னும் மருந்தே ஐ.ஜி.ஜி. காப்பா வகைப் புரதமாதலால், அதை ஏற்றிக்கொள்பவரின் ரத்தத்தில் அந்த மருந்தே மெல்லிய கோடாகத் தெரிந்து, நோய் மிச்சமிருப்பதாகப் பிரமையூட்டுவதுண்டு. பூரண நிவர்த்தி என்று சொல்ல, மஜ்ஜை 5 சதவிகிதத்துக்குள் இருப்பதோடு, ரத்தத்திலும் சிறுநீரிலும் நோய்ப் புரதம் சூட்சுமமான சோதனைக்கும் அகப்படாதிருக்க வேண்டும்.

அதற்கும் அப்பால், லட்சம் செல்களில் ஒரு நோய்ச் செல் இருந்தாலும் கண்டுபிடிக்கும் எச்சநோய்ப் பரிசோதனை இப்போது வந்திருக்கிறது. 2024 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு, புதிய மயலோமா மருந்துகளின் பலனை மதிப்பிட இதை ஏற்கலாம் என்று 12-க்கு 0 என்ற கணக்கில் ஒருமனதாக வாக்களித்தது. அதில் ஒன்றும் அகப்படவில்லை என்பது மிக நல்ல செய்தி. ஆனால் நோய் அடியோடு தொலைந்தது என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது.

ஆகவே அறிக்கையைக் கையில் வாங்கியவர்கள் தாமே தீர்ப்பு எழுதிவிடாமல், எந்த இழுப்பில் எடுத்த மாதிரி, எலும்புத் துண்டில் கணக்கு எவ்வளவு, காப்பா லாம்டா விகிதம் என்ன, அதே வாரத்து ரத்தப் புரதம் என்ன காட்டுகிறது என்று தங்கள் வைத்தியரைக் கேட்க வேண்டும். போகும்போது பழைய அறிக்கைகளைத் தேதிவாரியாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள்; புதிய எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு அவை வேண்டும்.