மணல் பிறக்கும் இடுக்கு

கப்பலூரில் வீட்டுவேலை நடந்தபோது கொத்தனார் என் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி மணலை வைத்து மூடச் சொன்னார். வலது கையில் இருந்தது குத்தியது. இடது கையில் இருந்தது நழுவி விரலிடுக்கில் ஒழுகியது. குத்தியது எம்-சாண்ட், கிரஷரில் நொறுக்கியது. ஒழுகியது ஆற்று மணல், எப்போதோ வாங்கிய குவியலில் மிச்சம். "ரெண்டுமே நொறுங்குன பாறைதானேண்ணே, ஏன் ஒண்ணு மட்டும் குத்துது?" என்றேன்.

"இது லாரில வந்த கல்லு சார். அது நடந்து வந்த கல்லு."

ஒரு புவியியல் பாடத்தை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். கிரஷரின் தாடைகளுக்கு நடுவே உடைந்த துகளுக்கு விளிம்பு தேய நேரம் கிடைப்பதில்லை. ஆற்று மணல் கிலோமீட்டர் கணக்கில் உருண்டு, முட்டி, மோதி, முனை மழுங்கித்தான் வந்து சேர்கிறது. அது நடக்கத் தொடங்கிய இடத்தைத் தேடி எதிர்த்திசையில் நாம் நடந்தால் போய் முட்டுவது மலையிடுக்கில். ஆறு பாறையை அறுத்துத் தனக்கு வழி செய்துகொள்ளும் குறுகிய, ஆழமான பள்ளம் அது.

கப்பலூரில் நின்றுகொண்டு மலையிடுக்கைப் பற்றிப் பேசுவது வேடிக்கைதான். டோல்கேட், சிட்கோ தொழிற்பேட்டை, நாற்கரச் சாலை எல்லாம் தட்டைத் தரையில் இருப்பவை. இங்கே பள்ளம் என்றால் கண்மாய்தான். ஆனால் சில கிலோமீட்டர் தள்ளித் திருமங்கலத்தில் குண்டாறு ஓடுகிறது. 'ஓடுகிறது' என்பது மரியாதைக்குச் சொல்வது. வருடத்தில் பெரும்பகுதி மணலும் சீமைக்கருவேலமும்தான். வருசநாட்டு மலையின் கிழக்குச் சரிவில், சாப்டூர்ப் பக்கம் பிறந்து, திருமங்கலம், திருச்சுழி, கமுதி என்று போய் மன்னார் வளைகுடாவை எட்டும் ஆறு இது. பேரையூரைத் தாண்டி சாப்டூர் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தால், மேற்கே நீலமாகத் தெரிந்த மலை கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையாகி, பிறகு மடிப்பு மடிப்பாகப் பிரியும். அந்த மடிப்பு ஒவ்வொன்றும் ஓர் ஓடை பாறையில் போட்ட வெட்டு.

பாடப்புத்தகம் மலையிடுக்கு என்கிறது. மலையடிவார ஊர்களில் அந்தச் சொல்லை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மேலே இருந்து வருவது ஓடை, அது சினந்தால் காட்டாறு. தண்ணீர் ஆழமாகத் தேங்கும் பாறைக்குழி கசம். ஆழ்ந்த பள்ளத்துக்கும் குகைக்கும் கெவி. கும்பக்கரையிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில் வெள்ளகெவி என்று ஓர் ஊரே இருக்கிறது.

கும்பக்கரையைச் சொன்னதும் அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பெரியகுளத்துக்குப் பக்கத்தில், கொடைக்கானல் மலையின் காலடியில் இருக்கும் அருவி அது. குளிக்கப் போகிறவர்கள் விழும் தண்ணீரைப் பார்க்கிறார்கள். நான் குழிகளைப் பார்ப்பேன். யானை, பாம்பு என்று பெயர் வைத்து ஊர்க்காரர்கள் அழைக்கும் அந்தக் கசங்கள், ஓர் ஆறு மலையை எப்படி அறுக்கிறது என்பதற்குத் திறந்து வைத்த பாடம். தண்ணீர் மட்டும் பாறையை அறுப்பதில்லை. வெறும் தண்ணீருக்குக் கருங்கல்லைத் தேய்க்கும் பல் கிடையாது. பாறையில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தால் வெள்ளத்தின்போது அதில் சுழல் விழும். சுழலில் ஒரு கல் மாட்டிக்கொள்ளும். பிறகு நடப்பது ஆட்டுக்கல்லில் மாவரைப்பதுதான். தண்ணீர் கை, கல் குழவி, பாறை உரல். குழவி தேய்ந்து தீர்ந்தால் அடுத்த வெள்ளம் புதுக் குழவியைக் கொண்டுவந்து போடும். உரல் ஆழமாகிக்கொண்டே போகும். பக்கத்தில் இன்னோர் உரல், அதற்குப் பக்கத்தில் ஒன்று. ஒருநாள் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் மெலிந்து உடையும். குழிகள் சேர்ந்து வாய்க்காலாகும். வாய்க்கால் ஆழ்ந்து இடுக்காகும். கோடையில் நீர் வற்றிய கசத்தின் பக்கச்சுவரைத் தடவிப் பாருங்கள், எவர்சில்வர் பாத்திரத்தின் உட்புறம் மாதிரி வழுவழுவென்றிருக்கும்.

நம் பக்கத்து மலைகளில் இந்த வேலை மெதுவாகவே நடக்கும். காரணம் பாறையின் சாதி. வருசநாட்டு மலையில் நிறைந்திருப்பது சார்னோகைட், பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய கடினப் பாறை. அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. கல்கத்தாவோடு சேர்த்துப் பேசப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. அதை ஆராய்ந்த ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893இல் அந்தப் பாறைவகைக்கே சார்னாக்கின் பெயரைச் சூட்டிவிட்டார். பல்லாவரத்துக் கல், வங்காளத்துக் கல்லறை, ஆங்கிலேயன் பெயர். பாறைக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. இவ்வளவு கடினமான கல்லை ஆறு நேராக மோதி வெல்ல முடியாது, விரிசலைத் தேடும். ஓடை ஏன் திடீரென்று ஒரு நேர்கோட்டில் போய், சட்டென்று மூலை திரும்புகிறது என்று மலையேறும்போது யோசித்திருந்தால், விடை காலடியில் இருக்கிறது. பாறையில் ஏற்கெனவே இருந்த வெடிப்புக் கோடுகளைத்தான் தண்ணீர் பிடித்துக்கொண்டு போகிறது.

மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகளில் கதை வேறு. அங்கே மலைகள் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசாகப் புளித்துப்போன மழைநீர் அதைக் கரைத்தே விடும். அரைப்பதோடு கரைப்பதும் சேர்வதால் இடுக்குகள் நெட்டுக்குத்தாகவும் ஒடுக்கமாகவும் அமைகின்றன. கிரேக்கத் தீவான கிரீட்டில் உள்ள சமாரியா இடுக்கு 16 கிலோமீட்டர் நீளம். மலைமேல் தொடங்கி, நடந்து நடந்து, லிபியக் கடலோரக் கிராமத்தில் கொண்டுபோய் விடும். 'இரும்புக் கதவு' என்று பெயர் வாங்கிய இடத்தில் இரண்டு பக்கத்து மலைக்கும் நடுவே ஏறத்தாழ 4 மீட்டர்தான் இடைவெளி. 1962இல் தேசியப் பூங்காவான அந்த இடுக்கைக் கோடையில் மட்டும் திறக்கிறார்கள். மழைக்காலம் முழுக்கப் பூட்டு, ஏனென்றால் அப்போது அந்தப் பாதை ஆற்றுக்குச் சொந்தம்.

பிரான்ஸில் வெர்தோன் என்றோர் ஆறு 700 மீட்டர் ஆழம்வரை மலையை அறுத்திருக்கிறது. அதன் அடிவழியே முழுக்கப் போய்வர முடியும் என்று நிரூபித்தது 1905 ஆகஸ்டில்தான். குகைகளைத் தேடித் திரிந்த எதுவார் மார்ட்டெல், உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் இசிதோர் பிளான் போன்றவர்களைக் கூட்டிக்கொண்டு படகும் கயிறுமாக இறங்கினார். மார்ட்டெலுக்கு இடுக்குகள் வெறும் சாகசத் திடல்களாகத் தெரியவில்லை; நிலத்தடியில் தண்ணீர் எப்படிப் போகிறது என்ற கேள்விக்கு விடை தேடும் இடங்களாகத் தெரிந்தன. இன்று அங்கே நடக்கும் பாதைக்குப் பிளான்–மார்ட்டெல் என்று பெயர். கூடவே வந்த வாத்தியாரையும் அது மறக்கவில்லை.

மத்தியதரைக் கடலிலேயே இன்னொரு வியப்பு உண்டு. ஏறத்தாழ 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டிக்கோடு இருந்த வாசல் அடைபட்டு அது வற்றத் தொடங்கியது. கடல்மட்டம் இறங்கினால் ஆறு சும்மா இருக்காது. முகத்துவாரம் தாழ்ந்த அளவுக்குத் தன் படுகையைத் தலைப்பகுதிவரை வெட்டிக்கொண்டே போகும். நைல் அப்படி வெட்டிய ராட்சத இடுக்கு பிறகு வண்டலால் மூடிப்போயிற்று. 1960களில் அஸ்வானில் அணை கட்டத் துளையிட்டபோது, சோவியத் புவியியலாளர் சுமகோவ் ஆற்றடியில் புதைந்து கிடந்த அந்தப் பள்ளத்தைக் கண்டார். அதற்குள் கடல் படிவுகள் இருந்தன, இன்றைய மத்தியதரைக் கடற்கரைக்கு ஆற்று வழியே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால்.

சரி, நம் மலைக்கே திரும்புவோம். மதுரை வட்டாரத்தில் ஆற்று இடுக்குக்குள் கால்நடையாகப் போகும் பழக்கம் மலையேற்றக் குழுக்களுக்கு வெகுகாலம் முந்தியது. சதுரகிரிக்குப் போகிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். வத்திராயிருப்புப் பக்கம் தாணிப்பாறையில் தொடங்கும் பாதை ஓடையை விட்டுப் பிரிந்தும், மறுபடி அதைக் குறுக்கே கடந்தும், வழுக்குப்பாறையில் தொற்றியும் சுந்தரமகாலிங்கம் கோயில்வரை ஏறுகிறது. சாப்டூர் வழி ஒன்று, வருசநாட்டு வழி ஒன்று தனியாக உண்டு. தாணிப்பாறைத் தண்ணீர் குண்டாற்றுக்கு வருவதில்லை. அது அர்ஜுனா நதியாகி இருக்கன்குடியில் வைப்பாற்றோடு சேர்கிறது. முதுகு ஒன்று, சரிவுகள் வேறு. வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர்களும் தலையில் மூட்டையோடு அக்காமார்களும் ரப்பர் செருப்போடு அநாயாசமாக ஏறுவதைப் பார்த்தால், விலையுயர்ந்த பூட்ஸ் போட்டவனுக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

ஓடையோரத்தில் நாவலும் நீர்மருதும் கிளை கோத்து நிற்கும். அந்தக் கோப்பு அறுபடாமல் இருந்தால்தான் சாம்பல் நிற மலை அணில் தரையில் இறங்காமல் மரத்துக்கு மரம் தாவிப் போகும். அந்த அணிலுக்காக 1988இல் இங்கே சரணாலயம் வந்தது. 2021இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. ஆகவே நினைத்த நாளில் நினைத்த ஓடையில் இறங்க முடியாது, கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. 2024இல் வனத்துறை 40 பாதைகளை வகுத்து, வழிகாட்டியோடு போய்வர ஏற்பாடு செய்தது. முன்பதிவு செய்யச் சோம்பல்பட்டு வேலியைத் தாண்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வீரம் தெரிவதில்லை.

இடுக்கில் நடப்பதன் முதல் பாடம், நாம் நிற்கும் தரையை யார் போட்டது என்று பார்ப்பது. உருண்டைக் கல் கிடந்தால் அது தண்ணீரில் வந்தது. கூரான கல் கிடந்தால் மேலேயிருந்து விழுந்தது. அங்கே உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிக்கக் கூடாது. தலைக்கு மேல் கிளையில் சருகும் வேரும் கந்தலும் சுற்றிக் கிடந்தால், போன வெள்ளம் அந்த உயரத்தில் போயிருக்கிறது. பாறையில் காய்ந்து வெளுத்த இடம் காலைப் பிடிக்கும். கறுத்து ஈரமாக மினுங்கும் இடம் பாசி, வாரிவிடும்.

"மேல பாத்து நடக்காதீக தம்பி. தண்ணியப் பாத்து நடங்க," என்றார் ஒருமுறை என்னோடு ஏறிய சுமைக்காரர். தெளிந்து ஓடிய நீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், ஓடையின் சத்தம் கனத்தால், நம் தலைக்கு மேல் வானம் நீலமாக இருந்தாலும் மேலே எங்கோ கொட்டிவிட்டது என்று அர்த்தம். மலைச்சரிவில் மண் மெல்லிசு, பாறை அதிகம். பெய்த மழை ஊறுவதில்லை, நான்கு பக்கத்திலிருந்தும் ஒரே புனலுக்குள் வழிகிறது. ஒரு மணி நேரத்துக்குள் ஓடை காட்டாறாகிவிடும். 2015 மே மாதம் அமாவாசைக்குச் சதுரகிரி வந்தவர்களைக் கோடைமழை வெள்ளம் இப்படித்தான் பிடித்தது. பக்தர்கள் சிலர் உயிரிழந்தார்கள். 2018 ஆகஸ்டில் இத்தாலியின் ரகனெல்லோ இடுக்கில் பத்துப் பேர் போனதும், 1963இல் ஜோர்டானின் பெத்ரா இடுக்கில் பிரெஞ்சுப் பயணிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததும் இதே மாதிரிதான்.

தண்ணீரின் கணக்கு நாம் பழகிய கணக்கு இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் நம் காலில் அழுத்தும் விசை நான்கு மடங்காகும். அதுகூடப் பரவாயில்லை. உருட்டிப் போகக்கூடிய கல்லின் எடை ஏறத்தாழ 64 மடங்காகும் என்கிறது பழைய நீரியல் விதி ஒன்று. ஒரு கிலோ கல்லை நகர்த்திக்கொண்டிருந்த ஓடை, வேகம் இரட்டித்ததும் ஓர் ஆளின் எடையுள்ள கல்லை உருட்டும். முழங்காலைத் தாண்டிய ஓட்டத்தில் இறங்கக் கூடாது என்று பழக்கப்பட்டவர்கள் சொல்வது இதனால்தான். கடந்தே ஆக வேண்டுமானால் நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, தடியை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக நகர வேண்டும். முதுகுப்பையின் இடுப்புவாரை முன்பே கழற்றிவிட வேண்டும், விழுந்தால் பை நம்மை அமுக்கும். வெள்ளம் வந்துவிட்டால் ஓடையோடு கீழே ஓடக் கூடாது, அது நம்மைவிட வேகம். பக்கத்துச் சரிவில் ஏறி உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். மலையோடை ஏறின வேகத்திலேயே பெரும்பாலும் இறங்கியும் விடும். காத்திருக்கும் அந்த ஒன்றிரண்டு மணி நேரம் பலருக்கு முடிவதில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்குகிறார்கள்.

வெள்ளம் ஓடும்போது காதைக் கொடுத்தால், நீர்ச்சத்தத்துக்கு அடியில் 'டொக், டொக்' என்று இன்னொரு சத்தம் கேட்கும். படுகையில் கற்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நகரும் ஓசை அது. கொத்தனார் சொன்ன நடை அங்கேதான் தொடங்குகிறது. பெரிய பாறைகள் மலைவாசலிலேயே நின்றுவிடும், சாப்டூர் வெளியில் சரளை தங்கும், திருமங்கலத்துக்கு மணல் வந்து சேரும், மெல்லிய வண்டல் கண்மாய்களில் படிந்து வயலாகும்.

பூச்சுவேலை நடந்தபோது அவர் அந்தப் பழைய ஆற்று மணலைச் சலித்தார். சல்லடையில் கூழாங்கல் ஒன்று தங்கியது. எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் முட்டையின் முதுகு மாதிரி உருண்டை, மறுபக்கம் பிளந்த முகம். அந்தப் பிளவின் விளிம்பும் லேசாக மழுங்கியிருந்தது. நெடுந்தூரம் நடந்து, எங்கேயோ எதன் மேலோ மோதிப் பிளந்து, பிறகும் கொஞ்ச தூரம் வந்திருக்கிறது.