உலாவிகளைச் சோதிக்கும் பொறி

முலுண்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் கணினித் தொழிலை மேற்கொண்ட இளைஞர் பலர். தட்டச்சும் சுருக்கெழுத்தும் பயின்று பம்பாய்க்கு வண்டியேறிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள், இன்று ஐரோலிப் பாலத்தைக் கடந்து நவி மும்பை அலுவலகங்களுக்குச் செல்கின்றனர். “என்ன வேலையப்பா பார்க்கிறாய்?” என்று பெரியவர் வினவினால், “டெஸ்டிங், தாத்தா” என்று விடை வரும். அவ்விடை பெரியவருக்கு விளங்குவதில்லை. விளக்கிச் சொல்ல இளைஞருக்கும் பொழுதில்லை. ஆதலின், அத்தொழில் இன்னதென்பதையும், அது அடைந்துள்ள மாறுதலையும், அதில் தமிழர்க்கென அமைந்துள்ள பொறுப்பையும் ஈண்டு ஆராய்வோம்.

ஒரு பக்கம், பல முகங்கள்

இணையப் பக்கங்களை நமக்குக் காட்டும் கருவி உலாவி எனப்படும். குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் என உலாவிகள் பல. ஒவ்வொன்றிலும் பதிப்புகள் பல. அவை இயங்கும் கைப்பேசிகளோ எண்ணிலடங்கா. ஓர் உலாவியில் ஒழுங்காகத் தோன்றும் பக்கம், மற்றொன்றில் பொத்தான் மறைந்தோ எழுத்துச் சிதைந்தோ தோன்றுதல் உண்டு. மகாவிதரணுக்கு மின்கட்டணம் செலுத்துவதும், தீபாவளிக்கு ஊர் செல்லப் பயணச்சீட்டு எடுப்பதும் இணையத்தின் வழியே நிகழும் இந்நாளில், அழுந்தாத பொத்தான் ஒன்று ஒரு குடும்பத்தின் பயணத்தையே தடுத்துவிடும். அக்குறையை முன்னரே கண்டு களைவதே சோதனையாளரின் கடமை.

முன்னாளில் இப்பணி முழுவதும் கையாலேயே நடந்தது. 2004ஆம் ஆண்டு சிகாகோ நகரில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜேசன் ஹக்கின்ஸ் என்பார், உலாவியைத் தானே இயக்கும் செலினியம் என்னும் மென்பொருளை ஆக்கினார். பாதரசம் என்று பொருள்படும் பெயர் தாங்கிய போட்டி நிறுவனத்தை எள்ளி, பாதரச நஞ்சுக்கு மாற்றான செலினியத்தின் பெயரை அதற்குச் சூட்டினர். சைமன் ஸ்டூவர்ட் ஆக்கிய வெப்டிரைவர் பின்னர் அதனோடு இணைந்தது. 2018இல் வெப்டிரைவர் முறை, உலகளாவிய வலைத்தள நியமமாகவே ஏற்கப்பட்டது.

மும்பையில் பிறந்த தொழில்

பொறி கிடைத்தும் இடர் தீரவில்லை. அத்தனை உலாவிகளையும் கைப்பேசிகளையும் விலைக்கு வாங்கிப் பேணுதல் யாவர்க்கும் இயலுமோ? இவ்விடரையே தொழிலாக மாற்றினர், பவாய் ஐ.ஐ.டி.யில் பயின்ற ரித்தேஷ் அரோராவும் நகுல் அகர்வாலும். 2011இல் அவர்கள் மும்பையில் தொடங்கிய பிரவுசர்ஸ்டாக், சாதனங்களைத் தான் வாங்கி வைத்து, இணையத்தின் வழியே வாடகைக்கு அளித்தது. 2021இல் அதன் மதிப்பு 400 கோடி டாலர் எனக் கணிக்கப்பட்டது. அமெரிக்காவில் ஹக்கின்ஸும் 2008இலேயே சாஸ் லேப்ஸ் என்னும் இத்தகைய நிறுவனத்தைத் தோற்றுவித்தவருள் ஒருவர்.

இது நடைபெறும் முறை எளிது. “இப்பக்கத்தைத் திற, இப்பெட்டியில் பெயரை இடு, இப்பொத்தானை அழுத்து, இவ்விடை வந்ததா என்று பார்” எனச் சோதனையாளர் நிரலாக எழுதுகிறார். எந்த உலாவி, எந்தப் பதிப்பு, எந்தக் கைப்பேசி என்பதையும் குறிக்கிறார். தொலைவிலுள்ள நிலையம் அதற்கேற்ற பொறியை ஒதுக்கிச் சோதனையை நடத்தி, நிகழ்ந்ததைக் காணொளியாகவும் பதிவேடாகவும் திருப்பி அனுப்புகிறது. மூன்று நிமிடம் பிடிக்கும் சோதனைகள் 200 உள்ளன எனக் கொள்வோம். ஒன்றன்பின் ஒன்றாக நடத்தினால் 10 மணி நேரம் ஆகும். 20 பொறிகளில் ஒருங்கே நடத்தினால் அரைமணியில் முடியும்.

பயில்வோர் இரண்டு குறிப்புகளை மறத்தலாகாது. பக்கம் வருவதற்கென “ஐந்து நொடி பொறு” என எழுதுவது தவறு. “பொத்தான் தோன்றும்வரை பொறு” என எழுதுவதே முறை. இன்றேல், இணைய வேகம் குறைந்த நாளில் குற்றமற்ற பக்கமும் தோற்றதாகக் காட்டும். நிலையத்தின் நுழைவுச் சாவியை நிரலுக்குள் எழுதி வைப்பதும் தவறு. அது வீட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதற்கு ஒப்பாகும்.

பொறி காணாதவை

இனி நமக்குரிய செய்திக்கு வருவோம். ‘கொ’ என்னும் எழுத்து, ககர மெய்யின் உருவும் ஓர் உயிர்க்குறியுமாகவே கணினியில் சேமிக்கப்படுகிறது. அக்குறியை எழுத்தின் இருபுறமும் பிரித்து வரைவது காட்டும் மென்பொருளின் பணி. அப்பணி பிழைத்தால் திரையில் புள்ளி வட்டமே தோன்றும். ஆயினும் சோதனைப் பொறி, சேமிப்பில் உள்ள எழுத்தை மட்டும் ஒப்பிட்டு “வெற்றி” என்று பச்சை விளக்கைக் காட்டிவிடும். ‘சமர்ப்பிக்கவும்’ என்னும் நீண்ட சொல் பொத்தானின் எல்லையைக் கடந்து வழிந்தாலும் அதற்குத் தெரியாது. திரையைப் படமெடுத்து ஒப்பிடும் முறை உண்டு. எனினும் முதற்படம் சரியானதா என்று சொல்லத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

பெயரின் செய்தியும் இத்தகையதே. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்வது நம் வழக்கு. குடும்பப் பெயர் இன்றேல் மேற்செல்லவிடாத படிவங்கள் நம்மவரை எத்துணை அல்லற்படுத்துகின்றன என்பதை ஈண்டு விரித்துரைக்க வேண்டுவதில்லை. அப்படிவங்களும் சோதிக்கப்பட்டவையே! ஆயின் சோதித்தவர் தந்த மாதிரிப் பெயர்களுள் தலைப்பெழுத்துடைய தமிழ்ப்பெயர் ஒன்றும் இல்லை போலும். பொறி, தன்னிடம் கேட்கப்பட்டதை ஆயிரம் முறை சலியாமல் பார்க்கும். கேட்கப்படாததை ஒருமுறையும் பாராது.

கையால் சோதிக்கும் வேலை குறைந்து வருவது கண்டு கலங்கும் இளைஞர் நம்மிடையே உளர். அக்கலக்கம் பொருளற்றதன்று. எனினும் கணக்கியந்திரம் வந்தபின்னும் கணக்கறிந்தவர் தேவைப்பட்டது போலவே, எதைச் சோதிப்பது என்று அறிந்தவர் இத்தொழிலிலும் தேவைப்படுவர். செலினியம் விலையின்றிக் கிடைக்கிறது. வீட்டுக் கணினியிலேயே பயிலலாம். பயிலும் பிள்ளைகளுக்குப் பெரியோர் ஊக்கமளிக்க வேண்டும். அப்பிள்ளைகளும் தாம் எழுதும் சோதனைகளில் ஒரு தமிழ்ப்பெயரையும் ஒரு தமிழ்த்தொடரையும் தவறாது சேர்ப்பாராக. தாத்தாவும் பாட்டியும் பிறர் துணையின்றித் தம் பெயரைத் தாமே இட்டுப் படிவத்தை நிரப்பும் நாள் அதனால் விரைந்து வரும்.