புள்ளி போட்ட பூனைக்கு ஆசைப்படும் முன்...

பள்ளி விடுமுறை நெருங்கும்போது பல வீடுகளில் எழும் கோரிக்கை இது: "அம்மா, நாமும் ஒரு பூனை வளர்க்கலாமா?" பிள்ளை கைப்பேசியில் காட்டுவது கடைத்தெருவில் திரியும் சாதாரணப் பூனை அல்ல. சிறுத்தைக் குட்டியைப் போல உடலெங்கும் புள்ளி போட்ட பெங்கால் பூனை. பார்த்த மாத்திரத்தில் பெரியவர்களுக்கும் ஆசை வந்துவிடும். ஆனால், அந்தப் பூனை நம் வீட்டுக்கு ஏற்றதா என்பதைப் பணம் கொடுத்த பிறகு யோசிப்பதில் பயனில்லை.

இந்தப் பூனையின் பூர்வீகம் நமக்குத் தொலைவில் இல்லை. மலாய் மொழியில் 'குச்சிங் பத்து' எனப்படும் சிறுத்தைப் பூனை நம் நாட்டுக் காடுகளிலும் செம்பனைத் தோட்டங்களிலும் வாழ்கிறது. இரவில் எலிகளை வேட்டையாடித் தோட்டத்துக்கு நன்மை செய்யும் காட்டு விலங்கு அது. அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜீன் மில் என்ற பெண்மணி, 1963-இல் ஆசியச் சிறுத்தைப் பூனையை வீட்டுப் பூனையோடு இணைத்தார். பின்னர் 1980-களில் அந்த முயற்சியை மீண்டும் தொடர்ந்தார். அதிலிருந்து உருவானதே பெங்கால் இனம்.

இங்கே தோட்டப்புற வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செம்பனை மரத்தடியில் புள்ளி போட்ட குட்டி கிடைத்தால், "இலவசமாகப் பெங்கால் பூனை கிடைத்தது" என்று வீட்டுக்குத் தூக்கி வரக்கூடாது. சிறுத்தைப் பூனை 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்கு. தாய் அருகிலேயே இரை தேடிக்கொண்டிருக்கலாம். குட்டியைத் தொடாமல் பெர்ஹிலித்தான் அலுவலகத்துக்குத் தகவல் சொல்வதே முறை.

சரி, முறையாக வளர்க்கப்பட்ட பெங்கால் பூனையையே வாங்குவதாக வைத்துக்கொள்வோம். காட்டு மூதாதையிடமிருந்து பல தலைமுறை தள்ளி வந்தாலும் அதன் சுறுசுறுப்பு குறைவதில்லை. உயரத்தில் ஏறும், தண்ணீரில் விளையாடும், அலமாரிக் கதவைத் திறக்கவும் பழகிக்கொள்ளும். அதற்கு வேலை கொடுக்காவிட்டால் தானே வேலையைத் தேடிக்கொள்ளும். திரைச்சீலை கிழிவதும், நள்ளிரவில் ஓயாமல் கத்துவதும் பெரும்பாலும் சலிப்பின் அடையாளங்களே.

ஆகவே, முதல் கேள்வி நேரம். காலையில் 15 நிமிடம், இரவில் 15 நிமிடமாவது யாராவது அதனோடு ஓடியாடி விளையாட வேண்டும். வாங்குவதற்கு முன் குடும்பமாக ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு வாரம், தினமும் அந்த இரண்டு வேளையையும் வேறு எதற்கும் கொடுக்காமல் ஒதுக்கி வையுங்கள். மூன்றாம் நாளே "இன்று முடியவில்லை" என்ற பேச்சு வந்தால், பூனை வந்த பிறகும் அதே பேச்சுதான் வரும். அப்பா ஷிப்ட் வேலைக்கும் பிள்ளைகள் டியூஷனுக்கும் போய்விட்டால் வீட்டில் மிஞ்சுவது யார் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, இடம். ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளில் முன்கதவைத் திறந்தால் ஐந்தடி, அடுத்த அடியில் வாகனங்கள் ஓடும் சாலை. அடுக்குமாடி வீட்டிலோ சன்னல் வழியே விழும் ஆபத்து உண்டு. சன்னலுக்கும் பால்கனிக்கும் வலை அடித்து, பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பது நல்லது. ஏறி விளையாட உயரமான பலகைகளும் வேண்டும். இல்லையென்றால் அது சாமி மேடையைத் தேர்ந்தெடுத்துவிடும். எரியும் விளக்கும் தாவும் பூனையும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது. அடுக்குமாடியில் குடியிருப்போர் செல்லப்பிராணி விதிமுறையை நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதமும் தேவை.

மூன்றாவது, வீட்டில் இருப்பவர்கள். நடை தள்ளாடும் தாத்தா பாட்டியின் காலுக்குள் ஓடும் பூனை அவர்களைத் தடுக்கி விழச் செய்யலாம். சிறு குழந்தை வாலை இழுத்தால் பூனை பிறாண்டும். அது பூனையின் குற்றமல்ல. கர்ப்பிணிகள் பூனையின் மலத்தைச் சுத்தம் செய்வதைத் தவிர்க்க வேண்டும்; மற்றவர்கள் அதைத் தினமும் செய்ய வேண்டும். டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி அதன் வழியாகப் பரவக்கூடும்.

நான்காவது, செலவு. தடுப்பூசி, கருத்தடை, உணவு, மணல், மருத்துவம் எல்லாம் சேர்த்துக் கணக்கெழுதுங்கள். பூனை பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழக்கூடியது. மீந்த குழம்புச் சோறு போட்டு வளர்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சு. காய்ச்சல் என்று பெனடோல் கொடுத்தால் உயிரே போய்விடும்.

இத்தனை யோசனை எதற்கு? ஆசை தீர்ந்ததும் பூனையைச் சந்தையோரத்தில் விட்டுவிடும் பழக்கம் இன்னும் மறையவில்லை. 2013-இல் ஜார்ஜ்டவுன் விழாவின்போது 'தொலைந்த 101 பூனைக்குட்டிகள்' என்ற பெயரில் சுவரோவியங்கள் வரையப்பட்டன. சுற்றுப்பயணிகள் அவற்றின் முன் நின்று படம் எடுக்கிறார்கள். ஆனால், தெருவில் விடப்பட்ட விலங்குகளை நமக்கு நினைவூட்டவே அவை வரையப்பட்டன. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, விலங்கை வதைத்தால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். தக்க காரணமின்றிக் கைவிடுவதும் குற்றமே.

சோதனை வாரத்தில் உங்கள் குடும்பம் தேறிவிட்டால் தயங்காமல் வளருங்கள். அந்தப் பூனையின் துள்ளல் வீட்டையே கலகலப்பாக்கும். தேறவில்லை என்றால் பிள்ளையின் ஆசையை முழுதாக மறுக்க வேண்டியதில்லை. ஜெலுத்தோங்கில் உள்ள எஸ்.பி.சி.ஏ. போன்ற காப்பகத்துக்கு ஒரு நாள் அழைத்துச் செல்லுங்கள். வயது முதிர்ந்த, அமைதியான பூனை ஒன்று அங்கே வீடு தேடிக் காத்திருக்கலாம். அதன் குணத்தை ஊழியர்களிடம் கேட்டறிந்தே முடிவெடுக்கலாம். புள்ளி இல்லாவிட்டால் என்ன, மடியில் வந்து படுத்தால் பிள்ளைக்கு அது போதும்.